மூன்றாவது வரிசையும் என் பையனும்

அன்புள்ள தாரஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம், இந்த மாதம் பிறந்த கன்றுக்குட்டிகளும் சௌக்கியம், ஒன்றுக்கு மட்டும் காது நுனி குளிரில் கருகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'ம்' என்று ஓரெழுத்தில் செய்தி அனுப்புகிறாய், அதை வைத்துக்கொண்டு நான் என்னத்தைத் தெரிந்துகொள்வது? ஃபோன் அடித்தால் எடுப்பதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்துப் பண்ணை ஹாலினா வெள்ளிக்கிழமை விமானத்தில் உங்கள் ஊருக்கு வருகிறாள், இதையும் உறையவைத்த பெரோகிக் கொழுக்கட்டை இரண்டு பையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். ஒன்றில் உருளைக்கிழங்கு, ஒன்றில் புளித்த முட்டைக்கோஸ். பெரோகியைச் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, கடிதத்தை முழுக்கப் படி.

முதலில் அப்பா ரேடியோவில் பேசிய கதைக்கு வருகிறேன், நீ ஃபோன் எடுக்காததற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊர் ரேடியோவில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் கூப்பிட்டுப் பேசுகிற நிகழ்ச்சியை அவர் கம்ப்யூட்டரில் தினமும் கேட்கிறார் என்பது தெரியும், ஆனால் கூப்பிடுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நான் மாட்டுக்கொட்டிலிலிருந்து வருகிறேன், மனுஷர் சமையலறையில் நின்றுகொண்டு, பெயரை மாற்றி, என் பேரு பீட்டர், அரங்கத்துக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கேன், அந்தத் தாரஸ் ஹ்ரிசாக்கை மூணாவது வரிசைக்குத் தள்ளின கோச்சுக்குக் கண்ணு தெரியலையா என்று கத்திக்கொண்டிருக்கிறார். அந்த நிகழ்ச்சிக்காரன் கெட்டிக்காரன். பீட்டர், உங்க தெருவுல இப்போ எப்படி இருக்கு என்று சாதாரணமாகக் கேட்டான். உன் அப்பா நம் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, மைனஸ் முப்பத்தஞ்சு, காத்து வேற என்றார். உங்கள் கடலோர ஊரில் அன்றைக்கு மழை கொட்டிக்கொண்டிருந்ததாம். தாரஸோட அப்பாதானே சார் பேசுறீங்க என்று அவன் கேட்டதும் இவர் ஃபோனைக் கீழே போட்டார். உடை மாற்றும் அறையில் எல்லோரும் உன்னைப் பீட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உனக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. அவரை நான் வேண்டிய அளவு திட்டிவிட்டேன், நீ உன் பங்குக்குத் திட்ட வேண்டாம். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. காலையில் காபி குடிக்கப் போகிற இடத்தில் அவரை அந்தப் பாடு படுத்துகிறார்கள். உன்னை முதல் வரிசையிலிருந்து இறக்கிய மறுநாள் பில் மெக்ரே, என்ன ஒரெஸ்ட், உன் பையன் இப்போ பெஞ்சைத் தேய்ச்சுப் பளபளன்னு வெச்சிருக்கானாமே என்று கேட்டானாம். பில் தன் வாழ்நாளில் பனிச்சறுக்குக் காலணி கட்டி நேராக நின்றதில்லை, ஆனாலும் வாய்க்குக் குறைச்சலில்லை. இன்னொருவர், ஜூனியர்ல நாப்பது கோல் அடிச்ச பையன், இப்போ நாலு கோலோட முக்குறான், ஏதோ காயத்தை மறைக்கிறான்னு நினைக்கிறேன் என்றாராம். இந்த ஊரில் ஹாக்கி தெரியாதவர் யாருமில்லை, அதுதான் இந்த ஊரின் வியாதி. அந்தக் கோபத்தில் அப்பா கோச்சைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது உன் விஷயம். ஏஜென்ட் என்னை வேறு அணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்கச் சொல்கிறான், திங்கட்கிழமைதான் கடைசி நாள், நான் என்ன செய்யட்டும் என்று நீ அனுப்பிய அந்த ஒரு செய்தியை நான் பலமுறை படித்துவிட்டேன். அப்பாவிடம் காட்டவில்லை. நீ அவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டதற்கும் காரணம் இருக்கும், நான் ஆறுதல் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும். சரி, சொல்கிறேன். உனக்கு முதல் மூன்று எட்டில் வேகம் கிடையாது. ஜூனியர் ஆட்டத்தில் அது தெரியவில்லை, அங்கே நீ எல்லோரையும்விட அரைத் தலை உயரம். இங்கே எல்லோரும் உயரம், எல்லோரும் வேகம். கோல் அடிக்க வேண்டிய முதல் வரிசையில் உன்னை விட்டபோது அந்தக் கறுப்புப் பக் வில்லை உன்னிடம் வருவதற்குள் எதிராளி வந்துவிடுகிறான், நீ அவசரப்பட்டு அடிக்கிறாய், அது வலையை விட்டுச் சுற்றுக் கண்ணாடியில் போய் மோதுகிறது. இது காயமுமில்லை, துரதிர்ஷ்டமுமில்லை. இதைக் கோச் பார்த்துத்தான் உன்னைக் கீழே இறக்கினார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கோபம் வந்தால் பெரோகி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மேலே படி.

ஆனால் மூன்றாவது வரிசைக்கு நீ பொருந்துகிறாயா என்பது வேறு கேள்வி, அதற்கு எனக்கே பதில் தெரியாமல்தான் இருந்தது. எதிரணியின் ஆகப் பெரிய ஆட்டக்காரனைக் கட்டிப்போட வேண்டும், நம் பக்கத்து மூலையில் நடுவர் பக்கைப் போடும்போதெல்லாம் குனிந்து நின்று அதை ஜெயிக்க வேண்டும், நம் ஆள் ஒருவன் தப்பாட்டத்துக்காகத் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போது பனியில் விழுந்து பக்கை உடம்பால் தடுக்க வேண்டும். பேப்பரில் பெயர் வராத வேலை. சின்ன வயதிலிருந்து பெயர் வந்தே பழகிய பையன் நீ, அதைச் செய்வாயா என்று எனக்குச் சந்தேகம். அதனால் போன சனிக்கிழமை ஆட்டத்துக்கு அப்பாவிடம் ஒரு நிபந்தனை போட்டேன். டிவியில் பக்கைப் பார்க்கக் கூடாது, தாரஸை மட்டும் பார்க்க வேண்டும். இதென்னடி பைத்தியக்காரத்தனம், பக்கைப் பாக்காம ஆட்டத்தை எப்படிடி பாக்குறது என்று கொஞ்ச நேரம் புலம்பினார். நான் ஒன்பது குளிர்காலம் நம் ஊர்ப் பெண்கள் அணிக்குக் கோல் காத்தவள், கோல் காக்கிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கைப் பார்க்கிற அதே கண்ணால் யார் திரும்பி வருகிறார்கள், யார் வரவில்லை என்பதையும் பார்ப்பாள். முன்னால் போவதற்கு எல்லோருக்கும் ஆசை. திரும்பி வருகிறவர்கள் குறைவு.

அன்றைக்கு எதிரணியின் நட்சத்திரம் இருக்கிறானே, லீகிலேயே அதிக கோல் அடித்தவன், அவன் மேலே நீ ஒட்டிக்கொண்டே இருந்தாய். இரண்டாவது பகுதி பாதியில் அப்பா, ஏண்டி, அந்தப் பெரிய ஆளு இன்னிக்கு ஆடவே வரலையா, ஒண்ணும் பண்ணக் காணோமே என்றார். உம் பையன் அவனை எங்கே பண்ண விட்டான் என்றேன். அதற்குப் பிறகு மனுஷர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கொட்டிலில் ஒரு பசு கத்தியது, அதற்குக்கூட எழுந்திருக்கவில்லை.

கடைசி நிமிடத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு கோல் முன்னால் இருக்கிறீர்கள், அவர்கள் கோல் காக்கிற தங்கள் கோலியையும் வெளியே எடுத்துவிட்டு ஆறு பேராகத் தாக்க வந்து நிற்கிறார்கள், பக்கைப் போடப்போவது உங்கள் வலைக்கு இடது பக்கம். கோச் பெஞ்சை ஒரு முறை பார்த்துவிட்டு உன் தோளைத் தட்டினார். முதல் வரிசையின் நடு ஆட்டக்காரன் உட்கார்ந்தே இருந்தான், அதைக் கவனித்தாயா? நீ ஜெயித்தாய், பக் திரும்ப அவர்களிடமே போனது, நீ விழுந்து அவர்கள் அடித்த பக்கைக் கணுக்காலில் வாங்கினாய், எழுந்தாய், மறுபடியும் அந்த நட்சத்திரத்தின் முன்னால் போய் நின்றாய். சங்கு ஊதியது. கேமரா முழுக்கக் கோல் அடித்தவன் மேலே. நான் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தால் எல்லோரும் கோலியிடம்தான் போவார்கள், கோலி வலைக்கு முன்னால் நின்று வாங்கிக்கொள்வான், அதுதான் வழக்கம். உங்கள் கோலி, அந்தப் பின்லாந்துக்காரப் பையன் யூஹானி, அப்படி நிற்கவில்லை. தலையைத் தட்ட வந்தவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டு கடைசியாக வந்த உன்னிடம் வந்து, உன் காலுறையில் தன் மட்டையால் இரண்டு தட்டுத் தட்டினான். நீ குனிந்திருந்தாய், உனக்குத் தெரிந்ததோ இல்லையோ. நான் கோல் காத்த காலமெல்லாம் அப்படி ஒருவரிடமும் போனதில்லை. நான் அழுததைப் பார்த்து, ஜெயிச்சாச்சேடி, எதுக்கு அழுறே என்று அப்பா கேட்டார். உனக்குப் புரியாது, போய்ப் பசுவைப் பாரு என்றேன்.

இனி உன் இஷ்டம். மாற்றம் கேட்டால் ஏதோ ஒரு மோசமான அணி உன்னை முதல் வரிசையில் வைக்கும், பேப்பரில் பெயர் வரும், பில் மெக்ரே வாயை மூடுவான். அது ஒன்றும் கேவலமில்லை, நான் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். போவதானால் ஏஜென்ட்டை விட்டுப் பேசாதே, கோச்சிடம் நீயே நேரில் போய்ச் சொல். நான் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். என் வலைக்கு முன்னால் நிற்க ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அந்த நாற்பது கோல் பையனை நான் கேட்க மாட்டேன் தாரஸ். சனிக்கிழமை பார்த்தேனே ஒருவனை, அவனைக் கேட்பேன். வலைக்கு முன்னால் அவன் நின்ற அந்த ஒரு நிமிடம் எனக்குப் பயமே இல்லை.

கணுக்காலை டாக்டரிடம் காட்டு, வீக்கமில்லை என்று என்னிடம் பொய் சொல்லாதே. கடவுள் உன் கால்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். பெரோகியைக் கொதிக்கிற தண்ணீரில் போடு, மைக்ரோவேவில் வைத்துக் கெடுக்காதே.

உன் அம்மா,
மார்லீன்