டஸ்டர் கைக்கு வரும்வரை

காலடிப்பேட்டை,
வியாழக்கிழமை

அன்பு மகள் ரூபினாவுக்கு அம்மா ஜெரினா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் சொல்கிறாய், ஆனால் போனில் நீ வைத்திருக்கும் படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, ஆகையால் அரைச் சுகம் என்று எடுத்துக்கொண்டேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீ வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் தம்பி அஃப்ரித் போட்டுக் கொடுத்துவிட்டான். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்துக் கூட்டி எழுதுவதை எவ்வளவு வேகமாக ஓட்டுகிறாய் பார்ப்போம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன்னால். போன வெள்ளிக்கிழமை நாலாம் வகுப்புப் பிள்ளைகள் என் மேல் புகார் சொல்லி, என்னைச் சத்துணவுக் கூடத்திலிருந்து வரவழைத்து, தரையில் உட்காரவைத்து விசாரித்தார்கள். விசாரணையில் நான் தோற்றுப்போனேன்.

அந்த வகுப்பு ஷெர்லின் டீச்சர் வாரம் ஒருமுறை கடைசி பீரியடில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைக்கிறார். யாருக்கு யார் மேல் குறை இருந்தாலும் அங்கே சொல்லலாம், டீச்சர் மேலேயும் சொல்லலாம். கரும்பலகை துடைக்கிற டஸ்டர் கை மாறிக்கொண்டே வரும், அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். உன் அத்தாவுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது, வீட்டுக்கு ஒரு டஸ்டர் வாங்கலாமா என்று கேட்கிறார். காட்டுப்பள்ளி துறைமுக வாசலில் லாரி வரிசையில் நின்று நின்று அவருக்கும் பேச்சு கூடிப்போச்சு.

என் குற்றம் என்னவென்றால், சோறு போடும்போது வரிசையில் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா. எம்.கே.பி. நகரிலிருந்து அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் வந்து சேர்ந்த தமன்னா என்று ஒரு பிள்ளை, வாயே திறக்காது. அதற்குப் பூட்டு என்று பெயர் வைத்தேன். இன்னா பூட்டு, சாவிய எங்க வுட்டுட்டு வந்தே என்று தினமும் கேட்பேன், எல்லாப் பிள்ளையும் சிரிக்கும், நானும் சிரிப்பேன். அப்புறம் அது சாப்பாட்டு வரிசைக்கே வருவதில்லை. பசி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுமாம். முட்டையைக்கூட வேண்டாம் என்கிற பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஆன்றோ என்கிற வாலுதான் வட்டத்தில் இதை எடுத்துவிட்டான். தமாஷுக்குத்தான்டா சொன்னேன் என்று நான் நடுவில் புகுந்தேன், டஸ்டர் இல்லாமல் பேசக்கூடாது என்று மொத்த வகுப்பும் என்னை அடக்கியது. டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்தேன், பெரியவர்களை இப்படியா பேசுவது என்று நாலு வார்த்தை சொல்வார் என்று. அவர் பாட்டுக்குப் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆன்றோ சொன்னான், தமாஷுன்னா அவளும் சிரிச்சிருக்கணும் இல்ல ஆயா.

பிறகு டஸ்டர் தமன்னா கைக்குப் போனது. அது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தது. வெளியே கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள், இங்கே ஒருத்தரும் அசையவில்லை. சொல்லும்மா என்றுகூட டீச்சர் சொல்லவில்லை. நான்தான் ஏதாவது கேலி பண்ணி அந்த அமைதியைக் கலைக்கலாமா என்று தவித்தேன். ரொம்ப நேரம் கழித்து அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சொன்னது, எனக்கும் ஒரு பேரு கீது ஆயா.

அவ்வளவுதான் சொன்னது. டஸ்டர் என் கைக்கு வந்தது ரூபி. மன்னிப்புக் கேட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை, அத்தாவைக் கேட்டுப் பார். ஃபரா என்கிற பெண் தோப்புக்கரணம் போட வைக்கலாம் என்றாள், தண்டனை நம்ம சட்டத்துல இல்ல, இன்னா பண்ணப் போறாங்கன்னு ஆயாவையே கேப்போம் என்று மற்ற பிள்ளைகள் தள்ளுபடி செய்தார்கள். பட்டப்பெயரை விட்டுவிட்டு எல்லோர் பெயரையும் கற்றுக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். சனி ஞாயிறு முழுக்க அதே வேலை, சோறு வடிக்கும்போதும் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தேன், கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டேன். திங்கள்கிழமை தமன்னா வரிசையில் வந்தது. தமன்னா, முட்டை வேணுமாம்மா என்றேன். தட்டை நீட்டிவிட்டு, உன் பேரு இன்னா ஆயா என்று கேட்டது. இத்தனை வருஷமாகக் கரண்டி பிடிக்கிறேன், அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பி.எட். படித்தபோது மனிதநேயத் தத்துவம் என்று வீட்டில் உரக்கப் படிப்பாய், பிள்ளையும் ஒரு முழு ஆள், அதன் பேச்சைக் கேட்டுத்தான் பாடம் நடத்த வேண்டும் என்று. நான் அது ரத்ததான முகாம் மாதிரி ஏதோ என்று நினைத்தேன். முழு ஆள் என்றால் பஸ்ஸில் முழு டிக்கெட் எடுப்பாயா என்று கேட்டு உன்னை அழவும் வைத்தேன். அந்தத் தத்துவம் இன்னதென்று எனக்கு நாலாம் வகுப்பில் புரிந்தது. ஷெர்லின் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்திருந்தால், வெளியே வந்து அவரைத் திட்டிவிட்டு மறுநாளும் பூட்டு என்றுதான் கூப்பிட்டிருப்பேன். பிள்ளைகள் என் பக்கத்தையும் கேட்டார்களே, அதனால்தான் எனக்கு உறைத்தது.

அந்த மலைப் பள்ளிக்கூடத்தில் நீ நடத்தும் வட்டத்தில் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, குனிந்து தரையைப் பார்க்கிறார்கள், பிரின்சிபால் இதெல்லாம் நேரத்துக்குக் கேடு என்று சிரிக்கிறார், மாதக் கடைசியில் ராஜினாமா கொடுத்துவிட்டு வருகிறேன் என்கிறாய். டீச்சரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். ஜூனில் ஆரம்பித்தாராம், தீபாவளி வரை ஆன்றோவைத் தவிர ஒருத்தரும் பேசவில்லையாம், அவனும் ஃபேன் சரியில்லை என்றுதான் பேசினானாம். உங்க பொண்ண அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க, அடி வாங்கி வளந்த புள்ளைங்க முதல்ல டீச்சரத்தான் சோதிச்சுப் பாக்கும் என்றார். அதனால் நீயாக எழுதிக் கொடுத்துவிட்டு வராதே. அவர்களாக அனுப்பினால் தலை நிமிர்ந்து வா, சென்ட்ரலில் வந்து நான் நிற்கிறேன். அதுவரை உன் பிள்ளைகள் கையில் டஸ்டரைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார். பாடத்தையும் ஒழுங்காக முடி, பிரின்சிபாலுக்கும் பதில் சொல்ல வேண்டும் இல்லையா, வட்டம் வாரத்துக்கு ஒரு நாள் போதும்.

வேறு செய்தி பெரிதாக இல்லை. அஃப்ரித் தலைமுடியை ஒரு பக்கம் மழித்துக்கொண்டு வந்திருக்கிறான், மறுபக்கத்துக்குக் காசு போதவில்லையா என்று கேட்டதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா அக்கா பக்ரீதுக்காக வளர்க்கும் ஆடு பகலெல்லாம் நம் வீட்டில்தான் கிடக்கிறது, அத்தாவின் லுங்கியில் பாதியைத் தின்றுவிட்டது. தமன்னா என்னைப் படமாக வரைந்து கொடுத்திருக்கிறது, கையில் கரண்டி, கீழே ஜெரினா ஆயா என்று பெரிய எழுத்தில். இதோடு அனுப்புகிறேன், உன் வகுப்பில் ஒட்டி வை. ராத்திரியில் தலைக்கு ஊற்றாதே, அந்த மலைக் குளிருக்கு ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காதே. இறால் பொடி டப்பாவை நிமிர்த்தியே வை.

அல்லாஹ் உனக்குப் பொறுமையையும், உன் பிள்ளைகளுக்கு வாயையும் கொடுக்கட்டும். ஐந்து வேளையும் உனக்காகத் துஆ கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மறக்காமல் போன் செய்.

உன் அன்பு அம்மா,
ஜெரினா

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கோந்து எடுக்க உள்ளே போன நேரத்தில் ஆடு படத்தைத் தின்றுவிட்டது. ஆளும் கரண்டியும் போய்விட்டன, பெயர் மட்டும் மிச்சம், அதை வைத்திருக்கிறேன். மத்தியானம் சோறு போடும்போது தமன்னாவிடம் சொல்லிவிட்டேன். நாளை வட்டத்தில் விசாரணை. ஆட்டையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள்.