பச்சை நாக்கு

அன்புள்ள அம்மா,

உன் கால்வீக்கம் வடிந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம். விடுதியில் எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

வெயில் ஏறினால் தானாகவே வெப்பத்தைத் தடுக்கும் ஜன்னல் கண்ணாடிக்குப் பள்ளி ஆய்வகத்தில் பூச்சு செய்கிறோம். வனேடியம் என்ற ரசாயனத் தூளோடு துளி டங்ஸ்டன் கலந்து சுட வேண்டும். நேற்று அரைக்கும்போது மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்ததால் முகமூடியைக் கழற்றிவிட்டேன். அந்தத் தூள் உள்ளே போனதில் இன்று நாக்கெல்லாம் பச்சை. “என்னடி, கிளியை முழுங்கிட்டியா?” என்று பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள். நானும் சிரித்தேன்.

இருமல்தான் நிற்கவில்லை. மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் ஏதோ கீச்சிடுகிறது. “மாஸ்க் இல்லாம நின்னா அன்னைக்கே வெளிய” என்று டீச்சர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இருமல் மருந்து அனுப்பு. உன் பழைய புடவை ஒன்றும் அனுப்பு, துவைக்காதே.

என் இருமல் சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி விழித்துவிட்டாள். “வார்டன்கிட்ட நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?” என்று செருப்பைத் தேடுகிறாள். நானே சொல்கிறேன் என்றேன்.

இந்தக் கடிதம் வருவதற்குள் உனக்கு போன் வந்திருக்கும். ஒன்றுமில்லை, வர வேண்டாம் என்று நான் சொல்லியிருப்பேன். அதை நம்பாதே அம்மா. வா.

உன் மகள்