அண்ணன் அனுப்பியதன் மேல்

மார்ச் 4
லென்ஸ் வெட்டும் மெஷின் இன்றும் ஓரத்தைச் சில்லு சில்லாகப் பெயர்த்தது. மூன்று வாடிக்கையாளர்கள் போயாயிற்று. மூக்குக்கண்ணாடிக் கடையை மூடும் பெரியவர் ஒருவர் தன் மெஷினைத் தருகிறாராம், பிட்காயினாகக் கொடுத்தால். அப்பா வீட்டை விற்றதில் என் பங்கு அண்ணனிடம் பிட்காயினாகத்தான் கிடக்கிறது. கேட்டேன். தலையாட்டிவிட்டான்.

மார்ச் 5
அனுப்பிவிட்டான். கட்டணம் மட்டும் அற்பம் — கஞ்சன்! பரிமாற்றங்களைப் பதியும் பிளாக் எதிலும் ஏறாமல் வரிசையில் நிற்கிறது. பெரியவருக்கோ மாலைக்குள் வேண்டும்; வேறொருவர் கேட்கிறாராம். வரிசையில் நின்ற அந்தக் காசையே அவருக்கு அனுப்பிவிட்டேன். அண்ணனுடையது ஏறினால்தான் என்னுடையது ஏறும். அதனால் என்னுடையதற்குப் பெரிய கட்டணம் வைத்தேன். கட்டணம் பிளாக்கில் பதிகிறவர்களுக்குத்தான்; அதற்கு ஆசைப்பட்டு இரண்டையும் ஒரே பிளாக்கில் சேர்த்து ஏற்றிவிடுவார்கள். ஏறாத காசை நம்பாதே என்பார்கள். அதெல்லாம் அந்நியர் அனுப்பினால்.

மார்ச் 5, மாலை
பெரியவர் அழைத்தார். "நீங்க அனுப்பினது மறைஞ்சு போச்சும்மா. என்கிட்டயே இப்படியா?"


மார்ச் 6
பிளாக்கில் ஏறுவதற்குள் அண்ணன் தான் அனுப்பியதை மாற்றிப் போட்டிருக்கிறான் — அதே காசு, அவனுடைய இன்னொரு கணக்குக்கு. அது போனதும் அதைப் பிடித்துத் தொங்கிய என்னுடையதும் போயிற்று. கேட்டால், "தெரியாம கை பட்டுடுச்சு" என்கிறான்.
கை பட்டதா? எங்கள் இருவர் கட்டணத்தையும் கூட்டி, அதற்கு மேல் கட்டினால்தான் மாற்றவே முடியும். கட்டியிருக்கிறான். என்னுடையது அதன்மேல் நிற்பதைப் பார்த்திருக்கிறான். கூட்டிப் பார்த்திருக்கிறான். பாவி, கூட்டிப் பார்த்திருக்கிறான்.

மார்ச் 7
மெஷின் வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

மார்ச் 9
அண்ணிதான் உண்மையைச் சொன்னாள். விலை ஏறப்போகிறது என்று யாரோ சொன்னார்களாம். ஒரு மாதம் வைத்திருந்து லாபத்தை எடுத்துக்கொண்டு என் பங்கைத் தருவதாக நினைப்பாம். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதாடா? தந்திருப்பேனே!

மார்ச் 30
அண்ணன் மறுபடி அனுப்பினான். நல்ல கட்டணம், அடுத்த பிளாக்கிலேயே ஏறிவிட்டது. அதன்மேல் இன்னும் ஆறு பிளாக் சேரட்டும், பிறகு யாராலும் மாற்ற முடியாது என்று உட்கார்ந்திருந்தேன். நடுவில் அழைத்தான்.
"வந்துடுச்சுல்ல?"
"பார்த்துட்டுச் சொல்றேன்."
அவனிடம் நான் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. சரி என்று வைத்துவிட்டான்.