பார்க்கவில்லை என்று எழுத வேண்டிய இடம்

மார்ச் 3, செவ்வாய்

காலை 11.42.

பாய்லர் டிரம்முக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, தட்டில் வைத்திருந்த போனை எடுத்த நேரம் அது. உள்ளே போகும்போது போனை வெளியில் வைத்துவிட வேண்டும் என்பது விதி. எடுக்காமல் போன அழைப்புகள் பதினேழு. எல்லாமே என் மனைவி வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து. முதல் அழைப்பு 10.51.

கடைக்கார அம்மா, "தம்பி, எங்க இருக்கீங்க? உடனே வாங்க" என்றார். அப்புறம் பக்கத்தில் யாரிடமோ, "சொல்லிடவா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐம்பத்தொரு நிமிடம் நான் இரும்புச் சுவரைத் தொட்டுத் தொட்டு அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 6

அழுகை வரவில்லை. "அழுதுடுடா" என்கிறாள் அக்கா. பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை மரத்துப்போகுமே, அப்படி இருக்கிறது உடம்பு மொத்தமும்.

மார்ச் 9

எங்கள் மகள் குட்டிக்கு நாலு வயசு. இன்று படி ஏறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். வா என்று கையை இழுத்தேன்.

"இருப்பா. அம்மா இங்கதான் நிப்பா. நின்னுட்டுத்தான் வருவா."

எங்கள் வீடு மூன்றாவது மாடி. அவள் தினமும் அந்த இடத்தில் குனிந்து குட்டியின் செருப்பு வாரைச் சரிசெய்வாள். நான் பையோடு மேலே போய்க் கதவைத் திறந்து வைப்பேன். குட்டியின் செருப்பை இன்றுதான் பார்த்தேன். அதில் வாரே இல்லை.

மார்ச் 13, வெள்ளி

பரிசோதனை மையத்திலிருந்து செய்தி. "நாளை காலை 7.30 மணி. முழு உடல் பரிசோதனை, தம்பதியர். வெறும் வயிற்றுடன் வரவும். நல்வாழ்த்துகள்."

நல்வாழ்த்துகளாம்.

எழுதி வைத்துவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் எனக்கு வசதியாக மறந்துபோகும். ஜனவரியில் அவள், "மூச்சு வாங்குதுங்க. நாம ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு தடவைகூட முழுசா செக்கப் பண்ணினதே இல்ல. பாத்துடலாமா?" என்று கேட்டாள். மச்சான் அன்று வீட்டில் இருந்தார். அவளுடைய அண்ணன், இன்சூரன்ஸ் ஏஜென்ட். "அவசரப்படாதீங்க மாப்ள. டெஸ்ட்ல எதாவது மாட்டிக்கிச்சுன்னா அது ரெக்கார்டு ஆயிடும். அப்புறம் எவனும் பாலிசி தரமாட்டான், தந்தாலும் அந்த வியாதிய மட்டும் விட்டுட்டுத் தருவான். முதல்ல பாலிசி. அதுக்கப்புறம் முப்பது நாள் காத்திருப்பு, அதுக்குள்ள எந்த வியாதிக்கும் கம்பெனி பணம் தராது. அது முடிஞ்சதும் தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஆசை தீரப் பாத்துக்குங்க" என்றார்.

நானும் தலையாட்டினேன். தலையாட்டினது மட்டுமா? கெட்டிக்காரன் இல்லையா நான்! பிப்ரவரி 12 பாலிசி. முப்பது நாள் எண்ணி, முடிந்த மறுநாள் மார்ச் 14 என்று காலண்டரில் வட்டம் போட்டதும் நான்தான்.

படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். இதயக் கோளாறு உண்டா? இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து குட்டிக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டாள்: "பாக்காமலே எப்படிங்க இல்லைன்னு போடறீங்க?"

"பாக்காத வரைக்கும் இல்லதான்" என்றேன். சிரித்தேன்.

பதினொரு நாள். இன்னும் பதினொரு நாள் இருந்தது.

மார்ச் 14

போகவில்லை.

மார்ச் 19

பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டதென்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மெதுவாகச் சொன்னார். இதயத்தின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உள்ள தசைச் சுவர் தடித்திருந்ததாம். "பன்னெண்டு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். அவங்களுக்கு இருபத்தாறு."

மில்லிமீட்டர். நான் சோறு தின்பதே மில்லிமீட்டரில். பாய்லர் சுவரில் ஜெல் தடவி, ஒலியை உள்ளே அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தடிமனைச் சொல்வது என் தொழில். இதயத்தைப் பார்க்கிற எக்கோவும் அதே ஒலிதான். அதே ஜெல்தான். ஊரில் இருக்கிற இரும்பை எல்லாம் பார்த்தேன்.

"இது பரம்பரையா வரலாம். அவங்க வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு…?"

அவள் அப்பா. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் அங்கேயே சரிந்தார். நாற்பத்திரண்டு வயசு. படிவத்தில் "இயற்கை மரணம்" என்று போட்டிருந்தோம். மச்சான் சொல்ல, நான் எழுதினேன்.

"அப்ப அவங்க கூடப் பிறந்தவங்களும் பாக்கணும். குழந்தைக்கும் ஒரு எக்கோ எடுத்துடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார்.

குழந்தைக்கும். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அவளுடைய கைப்பையைத் திறந்தேன். கண்ணாடிக் கூட்டுக்குள் நாலாக மடித்த சீட்டு ஒன்று. அவள் கடை இருக்கும் தெருவிலுள்ள கிளினிக்குடையது. பிப்ரவரி 20. வயது 31, பெண். படி ஏறினால் மூச்சுத் திணறல். இரண்டு முறை மயக்கம். எக்கோ, உடனே. அந்த "உடனே"வுக்குக் கீழே இரண்டு கோடு.

மயக்கமா? எப்போ? எங்கே விழுந்தே? ஏன்டி சொல்லல?

பெயர் இருந்த இடத்தில் குட்டியின் பெயர்.

முதலில் விளங்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்து விளங்கியது. ரெக்கார்டு ஆகக் கூடாது இல்லையா. காத்திருப்புக் காலத்தில் அவள் பெயரில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்கக் கூடாது இல்லையா. வாயில் வந்த பெயரைக் கொடுத்திருக்கிறாள். அவள் வாயில் எந்நேரமும் இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

சீட்டின் பின்பக்கம் அவள் கையெழுத்து: "14ஆம் தேதி எப்படியும் பார்க்கிறோமே. 22 நாள்தான்."

சொன்ன பேச்சைக் கேட்டிருக்கா. நான் சொன்ன பேச்சை. சண்டை போட்டிருக்கலாம். என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம். எதுக்குடி இவ்வளவு நல்லவளா இருந்தே?

மார்ச் 23

சீட்டை எடுத்துக்கொண்டு மச்சான் ஆபீசுக்குப் போனேன். யாரோ ஒரு கணவன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். "முதல்ல பாலிசி சார், அப்புறம்…" அதே பாட்டு. அவர்கள் கண் முன்னாலேயே சீட்டை மேஜையில் விரித்தேன்.

"படிங்க. சத்தமாப் படிங்க."

படித்தார். முகம் செத்துப்போனது.

"மாப்ள… என்கிட்டகூடச் சொல்லலியே அவ."

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? இன்னும் இருபத்திரண்டு நாள் பொறுத்துக்கம்மான்னு சொல்லியிருப்பீங்க."

"அவ எனக்கும் தங்கச்சி மாப்ள."

"பாலிசி நம்பர்னு நெனச்சேன்."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். வருத்தமில்லை. பேச வந்த அந்த இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். அதுவரைக்கும் சந்தோஷம்.

மார்ச் 27

வேலைக்குத் திரும்பி மூன்றாவது நாள். ஆலை ஒன்றில் பாய்லர் சோதனை. டிரம்மின் கடைக்கோடியில் ஒரு முழம் இடத்துக்குக் கருவி எட்டவில்லை. வெளியிலிருந்து சாரம் கட்டித் தந்தால் எட்டும். அறிக்கையில் அந்தக் கட்டத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதினேன்.

மேனேஜர் டீயோடு வந்தார். "என்ன சார் இப்படி எழுதிட்டீங்க? இன்சூரன்ஸ்காரன் விடமாட்டானே. மத்த இடமெல்லாம் சரியாத்தானே இருக்கு? அதுவும் சரியாத்தான் இருக்கும். சரின்னு போட்டுடுங்களேன்."

"நான் பார்க்கலையே."

"பார்க்கலைன்னா குறை இல்லைன்னுதானே அர்த்தம்?"

என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. டீ அவர் சட்டையில் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. முதலாளி போன் பண்ணி, "இன்னும் ஒரு வாரம் வீட்ல இருப்பா" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லித் தந்துவிடுவார்கள். அறிக்கையில் மூன்றே வார்த்தை: சரி, குறை, பார்க்கவில்லை. பார்க்காத இடத்தில் சரி என்று போட்டவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பத்து வருஷத்தில் ஒரு பாய்லருக்குக்கூட நான் அப்படிப் போட்டதில்லை.

கட்டின பொண்டாட்டிக்குப் போட்டேன்.

இரும்புக்கு இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் முதலில் சோதித்துக் காட்டு என்கிறான். மனுஷனுக்கு வேண்டுமென்றால் சோதிக்காமல் வா. அடப் பாவிகளா.

ஏப்ரல் 2

மச்சான் வந்தார். குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் முகத்தில் தங்கையைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

அப்புறம் பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"கோவப்படாம கேளுங்க மாப்ள. குட்டிக்கு எக்கோ எடுங்க, வேண்டாங்கல. அதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேருக்கும் பெரிசா ஒரு பாலிசி போட்டுடுவோம். கம்பெனியிலேர்ந்து போன் பண்ணுவாங்க. குடும்பத்துல யாருக்காவது இதய நோய் உண்டான்னு கேப்பாங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"அதுக்கப்புறம் முப்பது நாளா?"

அவர் படிவத்தை மேஜையில் வைத்தார்.

"இந்த வயசுல ரெக்கார்டு ஆயிடுச்சுன்னா வாழ்நாள் பூரா அவள எவனும் சேத்துக்க மாட்டான் மாப்ள. யோசிங்க. நாளைக்கு ஆபரேஷன், அது இதுன்னு வந்தா நம்மால தாங்க முடியுமா?"

அந்த ஆள் முட்டாள் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அவர் சொல்வதில் பாதி நிஜம்.

"நீங்க பாத்தீங்களா மச்சான்? டாக்டர் உங்களையும்தான் பாக்கச் சொன்னாங்க."

அவர் குட்டியின் தலைமுடியைக் கோதினார்.

"என்ன வயசு உங்களுக்கு?"

"முப்பத்தொம்பது."

"அப்பாவுக்கு நாப்பத்திரண்டு."

குட்டியை இறக்கிவிட்டார். பையை மூடினார். பயம். ஊருக்கெல்லாம் பாலிசி விற்கிற ஆளுக்கு ஜெல் தடவ பயம். "கிளம்புங்க" என்றேன். படிவத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 5

ஒருவேளை குட்டிக்கும் இருந்துவிட்டால்? இனி ஒவ்வொரு படிவத்திலும் "ஆம்" என்று போட வேண்டும். அந்த ஆமுக்கு அவள் என்னென்ன கொடுக்க வேண்டி வரும் என்று எனக்குத் தெரியாது. இல்லைக்கு நான் கொடுத்தது தெரியும்.

ஆனாலும் அந்தப் படிவத்தை இன்னும் கிழிக்கவில்லை. ஏன் கிழிக்கலை?

ஏப்ரல் 8

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து செய்தி. விண்ணப்பம் வந்துவிட்டதாம். சரிபார்ப்பு அழைப்பு சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள். எடுக்காவிட்டால் விண்ணப்பம் ரத்து. மச்சான் என்னைக் கேட்காமலே போட்டிருக்கிறார்! அவருக்குப் போன் பண்ணிக் கத்தினேன். அக்கா குட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

கத்தி முடித்ததும் பரிசோதனை மையத்துக்குப் போன் பண்ணினேன். தம்பதியர் பதிவு இன்னும் செல்லுமாம். இரண்டாவது ஆளாக யார் வேண்டுமானாலும் வரலாமாம். குழந்தைக்கு எக்கோ தனி.

"எந்த நாள் சார் வசதி?" என்றாள் அந்தப் பெண்.

"சனிக்கிழமை" என்றேன். "ஒன்பது மணிக்கு."

மச்சானுக்கு ஒரே வரி அனுப்பினேன்: "அவளுடைய இடம் காலியாக இருக்கிறது. சாப்பிடாமல் வரவும்."

ஏப்ரல் 11, சனி

மையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். 9.40.

குட்டியின் படிவத்தை நானே நிரப்பினேன். பெயர் எழுதும்போது பேனா நின்றது. இதே பெயர் அந்தச் சீட்டில் 31 வயதோடு இருந்தது. இந்த முறை வயது 4. இந்த முறை பெயருக்குச் சொந்தக்காரி என் மடியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் இதய நோய்: ஆம். யார்: தாய். தாயின் தந்தை பற்றி: பார்க்கவில்லை.

"கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும் பாப்பா" என்றாள் எக்கோ எடுக்கிற பெண். குட்டி சிரித்தாள். "அப்பா, உன் வேலைல போடற பசை!" திரையில் இதயத்தின் அந்தச் சுவர் சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து… அந்தப் பெண் இரண்டு புள்ளி வைத்து அளந்தாள். எண் வந்தது. பார்த்தேன். நாலு வயதுக்கு எது சரி, எது குறை என்று எனக்குத் தெரியாது. அதை டாக்டர் சொல்வார். பத்தரைக்குக் கூப்பிடுவார்களாம்.

மச்சான் வந்திருக்கிறார். எங்களுக்கு முன்னாலேயே வந்து, கடைசி நாற்காலியில், கையில் அவளுக்கு வர வேண்டிய டோக்கனோடு. நான் தள்ளி உட்கார்ந்தேன். குட்டி மட்டும் போய், "மாமா, வலிக்காது. ஜில்லுன்னுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். இன்னும் ஆத்திரம் தீரவில்லை எனக்கு. தீராது என்றுதான் நினைக்கிறேன். அவர் மேலேயா, என் மேலேயா என்று பிரிக்கத் தெரியவில்லை.

இப்போது போன் அடித்தது. கம்பெனி எண். அது யாருடைய அழைப்பு என்று மச்சானுக்குத் தெரிந்திருக்கும். எடுக்கச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. உள்ளே அவர் டோக்கனைக் கூப்பிட்டார்கள். எழுந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே போனார்.

போன் திரும்பவும் அடிக்கிறது.

அணைத்துவிட்டேன்.