அப்பாவின் ‘ஓமாங்க’

2003 மார்ச் 14, வெள்ளி

காலையிலேயே நெருப்பு வெயில். தர்மபுரம் சந்தையில் மண்ணெண்ணெய் இல்லை. கணித ரியூசனும் இல்லை, படிப்பிக்கிற சேருக்குக் காய்ச்சல். பாவம் சேர். எனக்குச் சந்தோசம்.

மத்தியானம் அப்பா முரசுமோட்டை வயலிலிருந்து வந்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடாமல் வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அப்படியென்றால் ஏதோ விசயம்.

விசயம் இதுதான். குளத்தில் தண்ணீர் குறைவாம். எங்கள் வாய்க்காலின் கடைசிப் பன்னிரண்டு வயல்களுக்கு இந்த வெயில்காலச் சிறுபோகத்தில் தண்ணீர் இல்லையாம். 22ஆம் திகதி கூட்டம். கூட்டத்துக்கு முதலே முடிவு எடுத்தாயிற்று. பன்னிரண்டிலும் கடைசி வயல் எங்களுடையது, இரண்டு ஏக்கர். மாரிகாலக் காலபோக நெல்லில் அரைவாசியைப் பூச்சி தின்றுவிட்டது. இதுவும் இல்லையென்றால் ஆவணிக்குப் பிறகு வீட்டில் நெல் இல்லை.

பின்னேரம் சரசு அக்கா வந்தா. எங்கள் வயலுக்கு அடுத்த வயல் அவாவுடையது. புருசன் இல்லை, மூன்று பிள்ளைகள். “அண்ணே, நீங்கதான் பேசணும். தண்ணியப் பத்தி ஒங்களுக்குத்தான் தெரியும்.” கடைசிப் பன்னிரண்டு பேரும் எங்களைப் போல மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் பின்னால் நின்றுவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வருகிறவர்கள்.

அப்பா: “பேசிப்புடலாம். நம்ம வாயத் தொறந்தாலே சிரிக்கிறாங்களே தங்கச்சி.”

அம்மா குசினி அடுப்படியிலிருந்து: “சிரிச்சா பல்லு சுளுக்கட்டும்!”

அப்பா என்னைப் பார்த்தார். நான் விஞ்ஞானப் புத்தகத்தைப் பார்த்தேன்.

மார்ச் 15, சனி

ஏன் புத்தகத்தைப் பார்த்தேன் என்று இங்கேயாவது எழுத வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு. நல்ல மழை. அப்பா வயல் சேற்றுக் காலோடு குடை கொண்டுவந்தார். வகுப்பு வாசலில் நின்று, “டீச்சருங்க, எங்க புள்ள இருக்காங்களா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ரீச்சரும் சிரித்தா. அந்தத் தவணை முழுக்க என்னைக் கண்டால் “எங்க புள்ள இருக்காங்களா?” தான். வீட்டுக்கு வந்து, “இனிப் பள்ளிக்கூடத்துக்கு வராதேங்கோ அப்பா” என்றேன். “சரி புள்ள” என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பரிசளிப்பு விழாக்களுக்கும் றோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்பார். நான் பரிசோடு வெளியே வந்தால் கையைத் தூக்கிக் காட்டுவார். ஆறு வருசம்! நான் ஒரு சரியான பேய்.

வீட்டில் அப்பாவுக்கு ‘ஆமா’. வேலிப் படலையைத் தாண்டினால் ‘ஓம்’. எங்கேயோ கேட்டுத் தானாகப் பிடித்துக்கொண்ட ‘ஓம்’, கதைக்கிற பேச்சில் ஒட்டாமல் தனியே நிற்கும்.

நான் இங்கே பிறந்தவள், எனக்கு இந்த ஊர்க் கதைதான், இந்த ஊர்ப் பேச்சுத்தான் வரும். அம்மா கோபம் வந்தால் “நீ எந்த ஊரு புள்ளடி?” என்பா.

முடிவு: கூட்டத்துக்கு முதல் அப்பாவுக்கு ஊர்க் கதை சொல்லிக் கொடுப்பது. ஏழு நாள் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

வெயில். சிவப்புக் கோழி அடைக்கு இருந்துவிட்டது. சைக்கிள் ரியூப் ஒட்டு.

அப்பாவின் பாடம். கொப்பியில் எழுதியது:

ஆமா – ஓம்
என்னா – என்ன
வாங்க – வாங்கோ
தொறந்து விடுங்க – திறந்து விடுங்கோ
சொல்றேன் – சொல்லுறன்

கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி இருந்தார். மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவர். “சொல்லுறன்” என்று ஐந்து தரம் ஒழுங்காகச் சொன்னார். ஆறாம் தரம், “சொல்லுறனுங்க.” அம்மா சிரித்துப் புரைக்கேறித் தண்ணீர் குடித்தா.

“அந்த ‘ங்க’வ விடுங்கோ அப்பா.”

“அத விட்டா மரியாத இல்லாதது மாதிரி இருக்கே புள்ள.”

கொப்பியை மூடிவிட்டு கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

மார்ச் 18, செவ்வாய்

பள்ளிக்கூடம் லீவு. அப்பாவோடு வாய்க்காலுக்குப் போனேன். மாடுகளுக்கென்று கொஞ்சத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். குளத்துத் தண்ணீரைத் திறந்து விடுகிற துருசடியில் அப்பா ஒரு பூவரசம் இலையைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டார். “வா, இது கூடவே நடப்போம்” என்றார்.

ஏழு மணிக்குத் தொடங்கி இலைக்குப் பக்கத்திலேயே நடந்தோம். புல்லில் சிக்கினால் அப்பா இறங்கி எடுத்து விடுவார். மாடு குளிக்கிற இடத்தில் அரை மணித்தியாலம் சுற்றிக்கொண்டு நின்றது. எங்கள் வயலடிக்கு வரப் பதினொன்று தாண்டிவிட்டது. அங்கே தண்ணீர் என்று ஒன்றும் இல்லை, வெறும் ஈரம். இலை சேற்றில் ஒட்டிக்கொண்டது.

அப்பா வரம்பில் குந்தி இருந்து சொன்னார்: “காஞ்ச வாய்க்கா மொதல்ல தான் குடிக்கும். மிச்சத்த மேல இருக்குறவங்க ஆளுக்கொரு மடையத் தொறந்து எடுத்துக்குவாங்க. நமக்கு வாய நனைக்கக்கூட பத்தாது. மேல மடை எல்லாத்தையும் மூடிட்டு, மூணு நாளு கடைசிக்கு விட்டுட்டு, அப்பறம் ஒவ்வொரு மடையா மேல ஏறிப் போனா அதே தண்ணி எல்லாருக்கும் பத்தும் புள்ள.”

பிறகு ஏக்கர், நாள், மணி எல்லாவற்றையும் வாயாலேயே பெருக்கிச் சொன்னார். நான் கொப்பியில் செய்து பார்த்தேன். சரி! கணித சேர் வந்து பார்க்க வேண்டும் இவரை.

எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டை விட்டு ஒரு ட்ரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர். இங்கே அப்போது காடு. வெட்டி, கிணறு தோண்டி, தானே மண் வீடு எழுப்பியவர். எனக்கு ஆறு வயதில் கடும் காய்ச்சல் வந்தபோது அம்மாவின் சீலையால் என்னைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் மிதித்தது நினைவிருக்கிறது. வழி முழுக்க, “தூங்கிறாத புள்ள, கத சொல்லு.” என்ன கதை சொன்னேனோ. அவருடைய முதுகு வியர்வையில் என் கன்னம் வழுக்கியது நல்ல நினைவு. அந்த மனிசனுக்குத்தான் நான் மூன்று நாளாக ‘ஓம்’ சொல்லிக் கொடுக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

விஞ்ஞானச் சோதனை 71. பரவாயில்லை.

இடைவேளையில் என்னோடு படிக்கிற வசந்தி வந்தாள். அவளுடைய அப்பாவுக்கு எங்கள் வாய்க்காலின் தலைப்பில், தண்ணீர் முதலில் வருகிற இடத்தில், வயல். “உங்கட அப்பாவும் கூட்டத்தில கதைக்கப் போறாராமே? எங்கட அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர்.” நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்க வேண்டும் போல வந்தது. கேட்கவில்லை.

அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் தலையில் கொட்டினேன். திரும்பத் திரும்ப ‘ஆமா’ வந்தது. “ஒரு ஓம் சொல்ல ஏலாதோ உங்களுக்கு?” என்று கத்திவிட்டேன்.

அப்பா கொப்பியை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாக, “புள்ள, இது தண்ணிக்காகவா, ஒனக்காகவா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன். எனக்காகத்தான் அப்பா. எனக்காகத்தான்.

மார்ச் 22, சனி

கூட்டம். எல்லாவற்றையும் எழுத வேண்டும், ஒன்றும் விடக்கூடாது.

பொதுநோக்கு மண்டபம். வெளியே புழுதிக் காற்று, உள்ளே ஒரே வெக்கை. தலைப்பு வயல்காரர் முன் கதிரைகளில். எங்களுடைய ஆட்கள் வழமை போலப் பின்சுவரோடு. நான், அம்மா, சரசு அக்கா பெண்களின் வாங்குப் பலகையில். அப்பா கலியாண வீட்டுச் சேட் போட்டு, அவர்களுக்கு முன்னால் கடைசிக் கதிரையில் இருந்தார்.

விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் கடைசிப் பன்னிரண்டு வயல்களுக்கும் இம்முறை தண்ணீர் இல்லை என்று வாசித்துவிட்டு, “ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ?” என்றார். அப்பா கையைத் தூக்கினார்.

“என்ன முத்தையா, நீயோ? தண்ணி குறைவெண்டு தெரியுந்தானே உனக்கு?”

அப்பா எழும்பி, தொண்டையைச் செருமி, சத்தமாகச் சொன்னார்: “ஓமாங்க.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. வசந்தியின் அப்பா துடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். “ஓமாங்க! ஓமாங்க!” என்று யாரோ முன் கதிரைகளிலிருந்து. நிலம் பிளந்து என்னை விழுங்கட்டும் என்று இருந்தது. நான் சொல்லிக் கொடுத்தது அப்பாவின் வாயில் இப்படி வந்து நிற்கிறது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தா, நகம் பதிந்தது.

அப்பா திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. தலையைக் குனியவும் இல்லை. சிரிப்பு அடங்கும் மட்டும் நின்றார். பிறகு, “சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா தண்ணி விசயத்தச் சொல்லிர்றேங்க” என்றார்.

சொன்னார். இலையோடு நடந்தது, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை ஏக்கர், எத்தனை நாள், எந்த மடையை எப்போது மூட வேண்டும், எல்லாம். ஒரு ‘ஓம்’ இல்லை, ஒரு ‘சொல்லுறன்’ இல்லை. முழுக்க முழுக்க வீட்டில் எங்களோடு கதைக்கிற கதை. ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் பேனையை எடுத்துக் குறித்தார்.

வசந்தியின் அப்பா: “கடைசி வயலுக்கு முதலில விட்டால் தலைப்பில இருக்கிற நாங்கள் விரலைச் சூப்பிறதோ?”

அப்பா: “ஒங்களுக்கு எப்ப மடை தொறந்தாலும் தண்ணி வந்துருமுங்க. மூணு நாளு பொறுத்தாப் போதும். நாலாம் நாளு வரலேன்னா என்னைய வந்து கேளுங்க.”

தலைவர் பக்கத்திலிருந்தவர்களோடு குசுகுசுத்தார். பிறகு, “முத்தையா, இஞ்ச பாருங்கோ” என்றார். பாருங்கோ! ‘நீ’ எங்கே போனது என்று நான் யோசித்து முடிக்க முதல், “பன்னிரண்டு பேருக்கும் ஏலாது. ஆறு பேருக்குத் தந்து பாப்பம். ஆர் ஆரெண்டு நீங்களே சொல்லுங்கோ.”

பின்சுவரோடு நின்ற எல்லாரும் அப்பாவையே பார்த்தார்கள். அப்பா யோசிக்கக்கூட இல்லை. சரசு அக்கா. கால் ஏலாத மாரிமுத்து அண்ணன். போன வருசம் மாடு இரண்டும் செத்துப்போன வீடு. அப்படி ஆறு பேரைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

எங்கள் பெயர் இல்லை.

அம்மா என் கையை விட்டுவிட்டா.

மார்ச் 23, ஞாயிறு

வீடு செத்த வீடு மாதிரி. அம்மா அப்பாவோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு, “சொல்லு ஒங்கப்பாகிட்ட, ஆறிப்போகுதுன்னு” என்கிறா. அப்பா இரண்டடி தள்ளித்தான் இருக்கிறார்.

எனக்கும் கோபம். நெல்லுக்கு என்ன செய்வது? அதே நேரம் நெஞ்சு நிமிர்ந்து நிற்கிறது. இரண்டும் ஒன்றாக எப்படி வருகிறதோ தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

வசந்தி, “உங்கட அப்பா நல்லாக் கதைச்சவராமே” என்றாள். முகம் சரியில்லை அவளுக்கு.

ஏப்ரல் 27, ஞாயிறு

விடியத் தூறல், பிறகு வெயில். கடைசிக்குத் தண்ணீர் விட்டு மூன்றாம் நாள். நானும் வயலுக்குப் போனேன்.

சரசு அக்காவின் வயல் நிறைந்து கிடக்கிறது. பிள்ளைகள் மூன்றும் சேற்றுக்குள். இந்த ஒரு மாதமாக அப்பா அந்த ஆறு வயலுக்கும் மாறி மாறி வரம்பு கட்டப் போனார், இன்றைக்கு மடை மடையாகத் திரிகிறார். எங்கள் வயல் அப்படியே வெடித்துக் கிடக்கிறது.

பத்து மணிக்கு அம்மா தேத்தண்ணியோடு நடந்து வந்தா. யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தா. சரசு அக்காவின் வயலைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றா. நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“ஏனப்பா எங்கட பேரைச் சொல்லேல்ல?”

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “சொல்லத்தான் புள்ள நெனச்சேன். அடுத்தவங்க பேர மொதல்ல சொல்றதுதானே மொற. சொல்லிக்கிட்டே போனேன், பாத்தா ஆறு ஆயிருச்சு” என்றார்.

அம்மா தேத்தண்ணியை ஊற்றி அவருடைய கையில் வைத்தா. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேரே அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னா:

“ஊருக்கே கணக்குச் சொன்ன மனுசன். ஆறு வரைக்கும் எண்ணத் தெரியலையாம்.”