இரண்டாம் நாள் பிறை

அன்பு சைனம்புவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே சவுதியில், தமாமில் நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

பெருநாளன்று போனில் நம் ஆஷிகா, "அத்தா, ஒனுக்கு மட்டும் இன்னா வேற நிலாவா கீது? எங்களுக்கு இன்னும் நோன்பே முடியலியே" என்றாள். பதில் சொல்வதற்குள் போன் கார்டில் காசு தீர்ந்துவிட்டது. நிலா ஒன்றுதான் என்று சொல். உத்திரமேரூரில் சூரியன் மறைந்து ரெண்டு மணி நேரம் போலக் கழித்துத்தான் இங்கே மறைகிறது. அதற்குள் பிறை சூரியனை விட்டு இன்னும் கொஞ்சம் விலகிவிடுவதால், சில மாதம் எங்கள் கண்ணுக்கு முதலில் படுகிறது.

பெருநாளில் நோன்பு வைக்கக் கூடாதே என்று, தொழப் போகும் முன் ஒரு பேரீச்சம்பழம் தின்றேன். நீங்கள் நோன்பில் இருக்கும்போது பிரியாணி இறங்கவில்லை. ஊரில் நோன்பு திறக்கும் நேரம் பார்த்து, இங்கே மூன்றரை மணிக்குச் சாப்பிட்டேன். அறையில் எல்லாரும் சிரித்தார்கள்.

ஆஷிகாவின் கையை நூலால் அளந்து அனுப்பு. வளையல் கடைக்காரன் அளவு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு வரும் உபைதுல்லா வாசலில் அவசரப்படுத்துகிறார். பெருநாளன்று சாயங்காலம் நீங்கள் மாடியில் பிறை தேடியிருப்பீர்கள். எங்களுக்கு அது இரண்டாம் நாள் பிறை; இங்கே யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் மட்டும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அஹமது பாட்சா