முப்பத்தொன்பதாம் மைல்

இயேசு மரி சூசை துணை

சதுரங்கப்பட்டினம்
12.6.1974

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

அம்மா மார்கரெட் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். பிலாய் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் நினைப்பு. ரயில் வேலைநிறுத்தத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்ட உன் ஏப்ரல் கடிதமும் மே கடிதமும் நேற்று ஒன்றாக வந்து சேர்ந்தன. டூட்டி முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் சாப்பிடாமல் படுக்காதே.

நம் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் எழுபத்தைந்து நிறைகிறது. தலைமையாசிரியர் ராமானுஜம் சார் நவம்பரில் கண்காட்சி வைக்கப் போகிறாராம். மாமல்லபுரத்தை உலகமே பார்க்கிறது, இங்கே இருக்கிற டச்சுக் கோட்டையையும் நாலு பேர் பார்க்கிறார்கள், யாரும் பார்க்காத பழைய பொருளாகத் தேடிக் கொண்டுவாருங்கள் என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். யாரும் பார்க்காததை நான் மட்டும் எப்படிப் பார்ப்பது என்று எனக்கு ஒரே சிரிப்பு.

கடைசியில் தேடவே வேண்டியிருக்கவில்லை. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிறார்களே, லாரி போக வர நம் சாலையை அகலப்படுத்துகிறார்கள். அந்த வேலைக்கு வந்திருக்கிற ரோடு இன்ஸ்பெக்டர் பெயர் தேவசகாயம். போன வாரம் தண்ணீர் குடிக்கப் பள்ளிக்கு வந்தவர், கிணற்றடியில் நான் வாளி வைக்கிற கல்லைப் பார்த்ததும் குடிக்காமலே குனிந்துவிட்டார். பாசியைச் சுரண்டினால் மேலே ரோமன் எண், அதன்கீழ் நம் பழைய தமிழ் எண், அதற்கும் கீழே பாரசீக எழுத்து. "டீச்சரம்மா, நாப்பத்திரெண்டாம் மைல்கல்லு மேலயா வாளி வெச்சிகினு கீறீங்க?" என்றார் தேவசகாயம். பதினோரு வருஷமாக வைக்கிறேன், ஜெசி! பிள்ளைகளுக்கு எண் சொல்லித் தருகிறவள் நான்.

சென்னப்பட்டணத்திலிருந்து கடலோரமாக மைலுக்கு ஒன்று என்று கும்பெனிக்காரர்கள் நட்டதாம். இப்போது கிலோமீட்டர் கல் வந்துவிட்டதால் காண்டிராக்டர் பழையதை உடைத்து ஜல்லியோடு போட்டுவிடுகிறார். அதற்குமுன் ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துத் தன் குவார்ட்டர்ஸ் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறார் தேவசகாயம். முப்பத்தாறிலிருந்து நாற்பத்து மூன்று வரை எட்டுக் கல். ஏழு இருக்கிறது, முப்பத்தொன்பது மட்டும் இல்லை. கண்காட்சிக்குத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

தேவசகாயம் அதிகம் பேசுகிறவர் இல்லை. இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்ததிலேயே வயது நாற்பத்தெட்டு ஆகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலுக்குத்தான் பூசைக்கு வருகிறார். வரும் சனிக்கிழமை முப்பத்தொன்பதைத் தேடப் போகிறோம், நானும் தேவசகாயமும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா

சதுரங்கப்பட்டினம்
20.8.1974

அன்பு ஜெசிந்தா,

உன் போட்டோ கிடைத்தது. இளைத்திருக்கிறாய். என் கடிதத்தில் தேவசகாயம் என்ற பெயர் ஐந்து இடத்தில் வருகிறது என்று எண்ணி எழுதியிருக்கிறாய். நர்ஸுக்கு நாடி எண்ணுகிற பழக்கம் எங்கே போகும்! கல்லைப் பற்றி எழுதினால் அதைக் கண்டுபிடித்தவர் வராமல் எப்படி?

முப்பத்தொன்பது கிடைத்துவிட்டது. மூன்று சனிக்கிழமை அலைந்தோம். ஒருநாள் டீக்கடை பெஞ்சுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லைச் சந்தேகப்பட்டுப் புரட்டப் போய், உட்கார்ந்திருந்த இரண்டு பேர் டீ கிளாசோடு கவிழ்ந்தார்கள். அது வெறும் கல். கடைசியில் மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்தில், வேப்பமரத்தடியில், மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, சாமியாக உட்கார்ந்திருந்தது நம் மைல்கல்!

அதற்கு விளக்கேற்றுகிறவள் ஆதியம்மாள் என்று மீன் விற்கிற அம்மா. இது மைல்கல் என்று பயந்து பயந்துதான் சொன்னோம். அவள் கோபிக்கவே இல்லை. "இருந்துட்டுப் போவட்டும். எங்க மாமியா காலத்துலர்ந்து கடலுக்குப் போன ஆம்பளைங்கள வூட்டுக்கு அனுப்பிகினு கீது. நல்லாப் பாரு, நாலு ஜோடி துடுப்பு, ஊடால ஒரு பாய்மரம்" என்று விரல் வைத்துக் காட்டினாள். ரோமன் எண்ணில் முப்பத்தொன்பது என்றால் மூன்று பெருக்கல் குறி, ஒரு கோடு, மறுபடி ஒரு பெருக்கல் குறி. நீயும் எழுதிப் பார், துடுப்புதான் தெரியும்.

ஆதியம்மாளே குடம் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கழுவிவிட்டாள். ஈரக் காகிதத்தைக் கல்மேல் ஒட்டி மை ஒத்திப் படி எடுத்தோம். என் மூக்கில் மை. அவர் அதைச் சொல்லாமலே சிரித்துக்கொண்டு வந்திருக்கிறார், பஸ்ஸில் கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு சிக்கல். அளந்து பார்த்ததில் சாமி இருக்கிற இடம் புதுச் சாலைக்குள் வந்துவிட்டது. போன திங்கட்கிழமை என்ஜினியரும் காண்டிராக்டரும் லாரியோடு, கடப்பாரையோடு வந்தார்கள். குப்பத்துப் பெண்கள் எல்லாரும் கல்லைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நானும் லீவு போட்டுப் போயிருந்தேன். ஆளை விட்டுப் பெயர்க்கச் சொல் என்று என்ஜினியர் ரோடு இன்ஸ்பெக்டரான இவரிடம் சொன்னார். ஒருவரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், "மாட்டேன் சார். ரோட்ட நாலடி மேற்கால தள்ளுனா போதும், பிளான் போட்டாந்துகீறேன்" என்று காகிதத்தை நீட்டினார். இவர் வேலை போய்விடுமோ என்று நான் மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

என்ஜினியர் பிளானைப் பார்த்தார், கல்லைச் சுற்றி வந்தார், தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். மூன்று, பத்து, ஒன்பது என்று தொட்டுக் காட்டினேன். இதைப் படிக்கத் தெரியாமல் இதுவரை எத்தனையைப் பிடுங்கிப் போட்டேனோ என்று சொல்லிக்கொண்டே பிளானில் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் ஒரே சத்தம், ஒரே குலவை! ஆதியம்மாள் காண்டிராக்டருக்குக்கூடக் குங்குமம் வைத்துவிட்டாள். என் தலையில் ஒரு முழம் கனகாம்பரத்தைச் செருகிவிட்டாள். உன் அப்பா போன இந்த ஒன்பது வருஷத்தில் நான் பூ வைத்ததில்லை. உடனே எடுக்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்துதான் எடுத்தேன்.

மீதியை நேரில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா

சதுரங்கப்பட்டினம்
24.11.1974

அன்பு மகளுக்கு,

உன் கடைசிக் கடிதம் நாலே வரி. அதில் ஒரு வரி, பெரியப்பா உனக்கு எழுதியதைப் பற்றி. நம் வீட்டு வாசலில் அவர் சைக்கிள் நின்றது உண்மைதான். பேச்சும் வாசலோடுதான். படி எடுத்த காகிதங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியப்பா என்னையே கேட்டிருக்கலாம். உனக்குக் கோபம் என்றால் அதை நாலு பக்கத்துக்கு எழுது, வாங்கிக்கொள்கிறேன். நாலு வரி தாங்கவில்லை, ஜெசி.

கண்காட்சி அமர்க்களம். ஏழு கல்லையும் வெளியே நட்டு, எட்டுப் படியையும் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தோம். மாமல்லபுரத்தில் சங்கு, சிப்பி விற்கிறவர்கள்கூட வந்து பார்த்தார்கள். ஆதியம்மாள் இருபது பெண்களோடு வந்து, முப்பத்தொன்பதாம் காகிதத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டாள். சுவரே பற்றிக்கொள்ளும் என்று ராமானுஜம் சார் வாளித் தண்ணீரோடு ஓடிவந்த ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

அன்று சாயங்காலம் நானும் இவரும் காகிதங்களைச் சுருட்டும்போது, தனக்குத் தர்மபுரிக்கு மாற்றல் வந்திருக்கிறது, டிசம்பர் பதினைந்தில் சேர வேண்டும் என்று சொன்னார். தண்டனை இல்லை, வழக்கமான மாற்றல்தானாம். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "அங்கயும் பழைய ரோடு நெறய கீது டீச்சரம்மா. கூட வந்து பார்க்க ஆளு இருந்தா நல்லா இருக்கும்" என்றார். மகளைக் கேட்காமல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றேன். அதுதான் சரி, கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்லறைத் திருநாளன்று உன் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த அலைச்சலை எல்லாம் அவரிடமும் சொன்னேன். அவர் இருந்திருந்தால் எங்களுக்கு முன்னால் குப்பத்துக்கு ஓடியிருப்பார். அவரை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. தர்மபுரிப் பக்கம் மாற்றல் கேட்பதற்கு என்ன வழி என்று ராமானுஜம் சாரிடம் கேட்டு வைத்தேன். சும்மாதான் கேட்டேன்.

இதற்குமுன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் சேர்க்கப் போகிறேன். கிறிஸ்துமஸுக்கு எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு வா. எந்த ரயில் என்று எழுது. அவருக்கும் அப்போது நாலு நாள் லீவு. உன்னை அழைத்துப்போக சென்ட்ரலுக்கு நான் ஒருத்தியாக வரட்டுமா, இரண்டு பேராக வரட்டுமா? அதை மட்டும் எழுது, கண்ணே. நீ எதை எழுதினாலும் நான் வந்து நிற்பேன்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து,
அம்மா